எருமைக்குச் சவரம்

கண்ணு,

நேரில் சொல்லிவிடலாம் என்று மூன்று நாளாகப் பார்க்கிறேன், நடக்கவில்லை. நான் ஆரம்பிப்பேன். நீ பதில் சொல்ல வாயெடுப்பாய், முதல் எழுத்திலேயே நிற்பாய். மீதியை நானே சொல்லி, அதற்குப் பதிலையும் நானே சொல்லி, இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டோம் என்ற நினைப்பில் சோறு போட எழுந்துவிடுவேன். இருபத்தேழு வருஷமாக நம் வீட்டில் பேச்சு நடக்கிற லட்சணம் இதுதானே! காகிதத்தில் அந்த வசதி இல்லை. இங்கே உன் வாயை நான் மூட முடியாது. அதனால்தான் உன் பழைய டிப்ளமோ நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களைக் கிழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எட்டாவது படித்தவள் எழுத்து, பிழை இருந்தால் சிரித்துக்கொள். வேறு யார் கைக்குப் போனாலும் படிக்கட்டும், எனக்கு வெட்கமில்லை. என்னை மாதிரி அம்மாக்கள் இந்த ஒரகடம் பக்கம் இன்னும் நாலு பேராவது இருப்பார்கள்.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். வருகிற திங்கட்கிழமை உன் கல்யாணம். பீடத்துக்கு முன்னால் நின்று, பிரின்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி நீ வாக்குறுதி சொல்ல வேண்டும். போன வாரம் நான் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பங்குச் சாமியாரிடம் போனேன். "ஃபாதர், அவனுக்கு வாய் திக்கும். அவ்ளோ நீட்டு வாக்கியத்த அவன் சொல்ல வாணாம். நீங்களே கேள்வியா கேட்டுடுங்க, அவன் 'ஆம்'னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடட்டும்" என்று கேட்டேன். அப்படிச் செய்யவும் பூசை முறையில் இடம் இருக்கிறதாம். அவரும் சரி என்றார். பெரிய காரியத்தைச் சாதித்த தோரணையில் வீட்டுக்கு வந்து மீன் குழம்பு வைத்தேன். நீ இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாய். எதற்காக மீன் என்று உனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் பின்பக்கம் துணி காயப்போட வந்தவள் உன் குரலைக் கேட்டேன். தண்ணீர்த் தொட்டியோரம் நின்றுகொண்டு, பல்தேய்க்கிற பாவனையில், அந்த வாக்கியத்தை நீ சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாய். "பி... பி... பிரமாணிக்கமாய்" என்று வந்ததும் ஒரு தரம் தொட்டியைத் தட்டிவிட்டு, திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தாய். ஈரத் துணியோடு அப்படியே நின்றேன். இவன் ஏறப் பார்க்கிற மதிலை நான் நேற்றே ஆள் வைத்து இடித்துவிட்டேனே என்று இருந்தது. நல்லதைத்தானே செய்தோம் என்று ஒரு மனசு சொல்கிறது, அட பாவி என்று இன்னொரு மனசு சொல்கிறது. அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தது நம் சொந்தக்காரர் யாருமில்லை, சிலை செய்ய வந்த ஒதிலம்மாதான்.

அந்தக் கதை உனக்கும் தெரியும், நீதான் அதில் நடுவே நின்றாய். ஆனால் நீ நின்ற இடத்திலிருந்து தெரிந்தது வேறு, நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது வேறு. அதற்கு என் வேலையிலிருந்து ஆரம்பிக்கணும். உன்னைப் பால்வாடியில் விட்டுவிட்டு கார் பாகம் அடிக்கிற பிரஸ் ஷாப்புக்கு வேலைக்குப் போக ஆரம்பித்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அடையாள அட்டையில் 'ஹெல்பர்' என்று போட்டிருக்கும். வேலை என்னவோ பிசிறு எடுப்பது. தகட்டை அடித்துப் பாகம் வெட்டியதும் விளிம்பில் முள்முள்ளாக நிற்குமே, அதை அரத்தால் வழித்து எடுக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை ஓட்டினால் எங்கே பிசிறு இருக்கிறதென்று சொல்லிவிடுவேன். நான் தொட்ட பிராக்கெட்டில் பிசிறு இருந்தது என்று கார் கம்பெனியிலிருந்து ஒரு பெட்டிகூடத் திரும்பி வந்ததில்லை, தெரியுமா! அந்தக் கட்டைவிரலில் இப்போது ரேகையே கிடையாது. ரேஷன் கடை மிஷினில் என் விரல் பதியாமல் ஒவ்வொரு மாதமும் உன் அப்பாவை இழுத்துக்கொண்டு போகிறேனே, அதற்குக் காரணம் அதுதான்.

கோயில் பாடல் குழுவில் யார் குரலாவது உடைந்தால் பிசிறு தட்டுகிறது என்பார்கள் இல்லையா, அந்த வார்த்தையைக் கேட்டாலே என் கை அரத்தைத் தேடும். உன் பேச்சிலும் என் காதுக்குப் பட்டது அதுதான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பேர் கேட்டால் நான் சொன்னேன். டாக்டர் எங்கே வலிக்கிறது என்றால் நான் சொன்னேன். அதிலும் உனக்கும் 'ப' எழுத்துக்கும் ஏழாம் பொருத்தம். நாடார் கடையில் நின்றுகொண்டு நீ "ப... ப..." என்றால், தெருவுக்கு இந்தப் பக்கத்திலிருந்தே "பச்சமொளகா குடுங்கண்ணே!" என்று கத்துவேன். நீ கேட்கப் போனது பன். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை, பசிக்கு ஒரு பன் வாங்கப் போய், கை நிறையப் பச்சைமிளகாயோடு வந்து நின்றாய். "கேட்டு வாங்கியிருக்கலாம்ல" என்று உன்னையே திட்டவும் செய்தேன். அந்த மிளகாயை அரைத்து அன்றைக்கு சட்னியும் செய்தேன்.

ஒதிலம்மா நம் ஷாப்புக்கு வந்தது மூன்று வருஷத்துக்கு முந்தின கோடையில். நாம் பாகம் செய்து அனுப்புகிற பெரிய கம்பெனி, தன் தோட்டத்தில் வைக்க ஒரு இரும்புச் சிலை வேண்டுமென்று பிரான்ஸிலிருந்து அவரை வரவழைத்திருந்தது. அவர்கள் பளபளவென்று புதுத் தகடு கொடுத்தார்களாம். இவர் அதைத் தொடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு, கம்பெனிக்கு மால் கொடுக்கிற ஷாப் ஷாப்பாக ஏறி இறங்கி, கடைசியில் நம் ஷாப்பின் பின்பக்கம் ஸ்க்ராப் குவியலைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பாகத்தை வெட்டிய பிறகு மிஞ்சுகிற ஓட்டைத் தகட்டை நாங்கள் ஜல்லடை என்போம். அதில் ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்து ஓட்டை வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தார். அறுபது வயசு இருக்கும். ஆம்பிளை பேண்ட், தோளில் ஒரு அழுக்குத் துண்டு, ஒரு காது கேட்காது. பேர் ஒதில். செல்வம் முதலாளி சும்மா இருப்பாரா? "ஒதி பெருத்தா உத்தரமாவுமா? இந்தம்மா இந்தக் குப்பைய வெச்சிகினு இன்னா பண்ணப் போறாங்களோ!" என்று அன்றைக்கே அவர் பேரை ஒதிய மரமாக்கிப் பழமொழி சொல்லிவிட்டார்.

நீ அப்போது அங்கேயே டூல் ரூமில் இருந்தாய். இங்கிலீஷ் தெரிந்த ஆள் நீதான் என்று உன்னைப் பிடித்து அவர் பக்கத்தில் நிறுத்தினார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. பிள்ளையை எல்லார் முன்னாலும் நிறுத்தி மானத்தை வாங்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் அவருக்கும் இங்கிலீஷ் இரவல் சரக்குதான். வார்த்தை வராமல் நடுவில் நிற்பார், மேலே பார்ப்பார், விரலைச் சொடுக்குவார். நீயும் நிற்பாய். இரண்டு பேரும் நின்று நின்று பேசுவதைப் பார்த்தால் சாயங்காலம் ஒரகடம் ஜங்ஷனில் வண்டி நகர்கிற மாதிரி இருக்கும். ஆனால் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். மதிய டீக்கு அவர் தன் கதையைச் சொல்ல, நீ எனக்குத் தமிழில் சொல்லுவாய். நான் வழக்கம்போல் நடுவில் புகுந்து பாதியை நானே இட்டுக்கட்டிக்கொள்வேன்.

இட்டுக்கட்டியது போக நின்ற கதை இது. அவர் பிறந்தது கடலோர ஊர். அப்பா கப்பல் கட்டுகிற இடத்தில் தகடு வெட்டுகிறவர். வீட்டுக்கு வந்தால் காதுக்குள் இரும்புத் தூள் இருக்குமாம். பொம்பிளைப் பிள்ளைகளை அந்தக் கேட்டுக்குள்ளே விட மாட்டார்கள். அதே இடத்து ஆபீசில் டைப் அடிக்கத்தான் இவருக்கு வேலை கிடைத்தது. ஒருநாள் அந்த இடத்தையே மூடிவிட்டார்கள். எல்லாரும் வீட்டுக்குப் போக, இவர் மட்டும் ஒரு லாரி நிறையத் தகட்டை வாங்கிக்கொண்டு போய் வீட்டுக் கொல்லையில் இறக்கினார். "எதுக்குடி இது?" என்று அவர் அம்மா கேட்டதற்கு, "தெரியல, ஆனா யாராவது எதாவது செய்யணும்ல" என்றாராம். டிராக்டர் ரிப்பேர் செய்கிற பட்டறையில் வெல்டிங் கற்றுக்கொண்டார், அங்கே இவர் ஒருத்திதான் பெண். முதலில் செய்தது ஒரு நாற்காலி. யாரும் உட்கார முடியாதாம். அப்புறம் கதவு மாதிரி ஒன்று, நாய் மாதிரி ஒன்று. பத்து வருஷத்துக்கு மேல் பகலில் பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டே மீதி நேரம் இரும்போடு மல்லுக்கட்டியிருக்கிறார். புருஷன் ஒரு கட்டத்தில் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். மகளுக்கு இரும்பு வாசனையே ஆகாது. இதையெல்லாம் அழாமல், பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே சொன்னார்.

வேலை செய்கிற விதமும் அலாதிதான். முதல் இரண்டு நாள் எதையும் தொடவில்லை. ஜல்லடைத் தகடு ஒவ்வொன்றையும் கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டித் தட்டிக் கேட்கிற காதைக் கொடுத்துக் கேட்டார். சேதியே வரவில்லையோ என்னவோ, மூன்றாம் நாள் காலையில் ஏரிக்கரைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். என்னையும் உன்னையும் துணைக்கு அனுப்பினார்கள். அங்கே எருமைகள் சேற்றிலிருந்து எழுந்து, கம்பெனி பஸ் வருவதைச் சட்டை பண்ணாமல், ரோட்டைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தன. மேய்க்கிற ஆள் என்னிடம், "இன்னாக்கா, எருமைய பாக்கறதுக்கா பிளேன் ஏறி வந்துகீறாங்க?" என்று கேட்டார். ஆமாம், எருமையைத்தான். சேற்றிலிருந்து முன்கால் ஊன்றி எழுகிற ஒரு எருமையைச் செய்ய ஆரம்பித்தார். கம்பெனி மேனேஜர் ஒருத்தர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "எமன் வாகனத்த கேட்ல நிறுத்துனா ஷிஃப்டுக்கு எவன் சார் வருவான்?" என்றார். கேட் வேண்டாம், கேன்டீனுக்குப் போகிற வழியில் வைக்கலாம் என்று முடிவானது. ஒதிலம்மாவுக்கு அதுவே பிடித்திருந்தது. எருமை சோறு இருக்கிற பக்கம்தான் நிற்கும் என்றார்.

மூன்று மாதத்தில் அது எழுந்து நின்றது, பார்த்தாயே. ஓட்டைத் தகடுகளை வளைத்து வளைத்து ஒட்டிய உடம்பு. வெயில் சாயும்போது உள்ளே புகுந்து ஓட்டை ஓட்டையாக வெளியே வரும். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆசை. ஒன்றே ஒன்றுதான் உறுத்தல். உடம்பு முழுக்கப் பிசிறு! ஒரு விளிம்புகூட வழிக்கப்படவில்லை. அக்கா மாதிரி பழகுகிற பொம்பிளை, இத்தனை பாடுபட்டுச் செய்துவிட்டு, கடைசி வேலையை மறந்துவிட்டாளே என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை கம்பெனியில் ஃபேமிலி டே, அன்றைக்குத்தான் திறப்பு. தொழிலாளிகள் வீட்டுப் பிள்ளைகளெல்லாம் வரும். பிள்ளைகள் எருமையைப் பார்த்தால் சும்மா இருக்குமா? ஏறும், தடவும், வாலைப் பிடித்துத் தொங்கும். கை கிழிந்தால் யார் பதில் சொல்வது? அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே ஷாப்புக்குப் போனேன். அரை ஷிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது, யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தட்டை அரம், வட்ட அரம் இரண்டையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தோளிலிருந்து வால் வரை, ஒரு பக்கம் முழுக்க, ஒவ்வொரு ஓட்டையாக வழித்தேன். மதியம் சாப்பிடவில்லை. பாட்டுப் பாடிக்கொண்டே செய்தேன். அவருக்கு நான் கொடுக்கிற பரிசு இது என்று அவ்வளவு சந்தோஷம். கடைசியில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை காலையில் அவர் வந்தார். எருமை மேல் கையை வைத்தார். கை அப்படியே வழுக்கிக்கொண்டு வால் வரை போயிற்று. முகம் மாறிவிட்டது. முதலில் அவர் பாஷையில் ஏதோ கத்தினார், அதை யாருக்கும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. அப்புறம் உன்னைப் பார்த்து இங்கிலீஷில் கேட்டார். நீ எங்களைப் பார்த்து, "யாரு எ... எருமைக்குச் ச... சவரம் பண்ணதுன்னு கேக்குறாங்க" என்றாய். ஷாப்பே கொல்லென்று சிரித்தது. நான் மட்டும் கையைத் தூக்கினேன். அப்போதுதான் நீ சொன்னாய், அந்தப் பிசிறுதான் எருமையின் முடி என்று. எருமைக்கு முடி அடர்த்தியாக இருக்காது, அங்கங்கே முள் மாதிரி நிற்கும், வெயில் பட்டால் அதுதான் மின்னும். அன்றைக்கு ஏரிக்கரையில் உட்கார்ந்து அவர் பார்த்தது அதைத்தானாம். வழிக்க மறந்ததல்ல, வேண்டுமென்று விட்டது.

அவர் எருமையைச் சுற்றிச் சுற்றி வந்தார். அப்புறம் கவிழ்த்துப் போட்ட ஒரு டிரம் மேல் உட்கார்ந்தார். பிறகு உன்னை அழைத்து மெதுவாக ஏதேதோ சொன்னார். நீ என்னிடம் வந்தாய். "அம்மா, இந்தப் பக்கம் இ... இ..." என்று நின்றாய். கோபக்காரர்கள் முன்னால் உனக்கு 'ப' மட்டுமில்லை, எல்லா எழுத்தும் மதில்தான். என்னால் பொறுக்க முடியவில்லை. "இடிக்கணுமா? இடிச்சிட்டு முதல்லேர்ந்து செய்யணும்ங்கறாங்களா? ஐயோ, மூணு மாச வேலைய நாசம் பண்ணிட்டனே பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தேன். ஒதிலம்மா எழுந்து வந்தார். என் முகத்துக்கு நேரே கையை நீட்டினார், போலீஸ்காரர் வண்டியை நிறுத்துகிற மாதிரி. "வெயிட்" என்றார். உன்னைக் காட்டி, இவன் இன்னும் பேசி முடிக்கவில்லை என்று சைகை செய்தார். ஷாப்பில் அத்தனை பேரும் வாயை மூடினார்கள். பிரஸ் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அதை எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்பதாவது அடியில் உன் வாயிலிருந்து வார்த்தை வந்தது.

"இருக்கட்டும்."

"இந்தப் பக்கம் இப்படியே இருக்கட்டும்னு சொல்றாங்கம்மா" என்று முழுசாகச் சொன்னாய். அப்புறம் தயங்காமல் மீதியையும் சொன்னாய். அவர் முதன்முதலாக ஒரு ஊருக்குச் செய்து கொடுத்தது பள்ளிக்கூட வாசலில் வைத்த ஒரு குதிரை. ஒரு பிள்ளை உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டதாம். ஊர்க்காரர்கள் வந்து, கொஞ்சம் வழித்துக் கொடுங்கள் என்று கேட்டார்கள். இவர் முடியாது என்றார். "பிசிறை எடுத்தா அது என் குதிரை இல்ல" என்று பிடிவாதம். குதிரையைக் கழற்றிக் கொண்டுபோய் ஒரு குடோனில் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை சாவி வைத்திருப்பவரிடம் கேட்டு, உள்ளே போய் அதைப் பார்த்துவிட்டு வருவாராம். "ஒரு பக்கத்த வழிச்சிருந்தா அது இன்னும் பிள்ளைங்களோட நின்னிருக்கும். எனக்கு அது தோணவே இல்ல, இவங்களுக்குத் தோணிச்சு" என்று என்னைக் காட்டினார். அதற்காக எனக்கு உடனே மன்னிப்புக் கிடைத்துவிடவில்லை. கேட்காமல் செய்தது தப்புதான் என்றும், மறுபக்கம் கை வைத்தால் விரலை ஒடிப்பேன் என்றும் சேர்த்தே சொல்லச் சொன்னார். நீ அதையும் சிரிக்காமல் சொன்னாய். வழித்த பக்கம் நடைபாதையைப் பார்க்க, முடி இருக்கிற பக்கம் வெயிலைப் பார்க்க, எருமையை வைத்தார்கள். இன்றைக்கும் பிள்ளைகள் ஒரு பக்கம் தடவுகிறார்கள், இன்னொரு பக்கம் மின்னுகிறது.

எல்லாரும் எருமையைப் பேசிக்கொண்டு போனார்கள். எனக்கு அந்த ஒன்பது அடிதான் மனசில் நின்றது. அவர் சொன்னது 'இருக்கட்டும்'. எனக்குக் கேட்டது 'இடி'. அப்படியானால் இத்தனை வருஷம் உனக்காக நான் சொன்னதெல்லாம் யாருடைய வார்த்தை? உன் நாக்கில் நின்றது ஒன்று, என் பயத்தில் இருந்தது ஒன்று, நான் ஊருக்குச் சொன்னது என் பயத்தைத்தான். பன் கேட்ட பிள்ளைக்கு மிளகாய் வாங்கிக் கொடுத்தவள் வேறு எதைச் சொல்லியிருப்பாள்? அன்றைக்கே திருந்திவிட வேண்டும் என்று நினைத்தேன். திருந்தியும்விட்டேன், மூன்று மாதம்.

அப்புறம் போன தை மாதம் என்ன செய்தேன்? சுங்குவார்சத்திரத்துக்குப் போய் பிரின்சியைப் பார்த்துவிட்டு வந்தோம். பஸ்ஸில் வரும்போது, "பொண்ணு எப்படிடா?" என்று கேட்டேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "எனக்குப் பி... பி..." என்றாய். நான் உடனே, "பிடிக்கலையா? வுடு, ஊர்ல பொண்ணா இல்ல" என்று சொல்லி, இறங்குவதற்கு முன்பே தரகருக்கு போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்! நீ ஏதோ சொல்ல வந்தாய், அதையும் நானே ஆறுதல் சொல்லி அடைத்தேன். உன் அப்பா மட்டும், "அவன் மூஞ்சிய பாத்தா புடிக்காத மாரி தெரிலயே" என்றார். அவர் கம்பெனி பஸ் ஓட்டுகிற மனுஷன், கண்ணாடியில் ஆள் முகம் பார்த்துப் பழக்கம். நான் கேட்கவில்லை.

பிரின்சி கேட்டாள். அதனால்தான் எனக்கு அவளை இவ்வளவு பிடிக்கிறது. உன் நம்பரை எங்கிருந்தோ வாங்கி, ஷிஃப்டுக்குப் போகிற வழியில் பஸ் ஸ்டாப் டீக்கடைக்கு உன்னை வரச் சொல்லி, "உங்கம்மா புடிக்கலன்னு சொல்லிட்டாங்க. அது அவங்க சொன்னது. நீங்க இன்னா சொல்றீங்க?" என்று கேட்டிருக்கிறாள். நீ நின்றாய். அவளும் நின்றாள். அவள் ஏற வேண்டிய கம்பெனி பஸ் வந்து போயிற்று, அடுத்ததும் போயிற்று. அப்புறம் சொன்னாய். நிச்சயதார்த்தத்தன்று அவளே இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள், "அத்தை, உங்க புள்ள 'பிடிச்சிருக்கு'ன்னு சொல்றதுக்குள்ள எனக்கு ரெண்டு பஸ் போச்சு, அரை நாள் லீவும் போச்சு" என்று. அவள் சிரித்தாள், எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. அவள் ஒரு பஸ்ஸுக்குப் பொறுத்து, இரண்டாவதில் ஏறிப் போயிருந்தால்?

இவ்வளவும் தெரிந்தும்தான் போன வாரம் ஃபாதரிடம் போனேன். புத்தி வந்த பிறகும் கை பழைய வேலையைத்தான் செய்கிறது, கண்ணு. உனக்கு அறிவுரை சொல்வதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்டால் சரிதான். ஆனாலும் ஒன்று சொல்கிறேன். பிரின்சி பேசும்போது, அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று உனக்குத் தெரியும் என்று தோன்றுகிற அன்றைக்கு, ஒரு நிமிஷம் பொறு. பாசம் இருக்கிற இடத்தில்தான் இந்தத் தப்பு நடக்கும். அன்னியன் உன் வாக்கியத்தை முடிக்க மாட்டான், அவனுக்கு என்ன அக்கறை?

இன்றைக்குக் காலையில் திரும்பவும் கோயிலுக்குப் போனேன். ஃபாதர் தெற்கத்திக்காரர் இல்லையா, என்னைப் பார்த்ததும், "என்னம்மா, இன்னும் எதையாவது குறைக்கணுமா?" என்று கேட்டார். "இல்ல ஃபாதர், கொறச்சத திருப்பிக் குடுத்துடுங்க. அவனே சொல்லட்டும், முழுசா" என்றேன். "நடுவுல நின்னுட்டா?" என்றார். "நின்னா நிக்கட்டும். நீங்க எடுத்துக் குடுக்காதீங்க." "எடுத்துக் குடுக்கது நானா இருக்காது, முத வரிசைல இருக்க நீங்களாத்தான் இருக்கும்லா" என்று சிரித்தார். மனுஷன் என்னைச் சரியாக எடைபோட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். "இப்பவாவது வுட்டியேமே" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. நான் விட்டால்தானே அவர் பேசுவதற்கு! அவரோடும் எனக்குக் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, அதை உன் கல்யாணம் முடிந்து பார்த்துக்கொள்கிறேன்.

போன வருஷம் நீ போனில் ஒரு போட்டோ காட்டினாயே, ஒதிலம்மா அனுப்பியது. அந்தக் குதிரை குடோனை விட்டு வெளியே வந்து பள்ளிக்கூட வாசலில் நிற்கிறது. ஒரு பக்கம் பிள்ளைகள் சாய்ந்துகொண்டு நிற்கிறார்கள். அந்தப் பக்கத்தை அவரே அரம் பிடித்து வழித்தாராம். "உன் அம்மாகிட்ட சொல்லு, கை காய்ச்சுப்போச்சு" என்று எழுதியிருந்தார். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நிம்மதியாக இருக்கும். இரண்டு கிழவிகள், ஒருத்தி வழிக்கவே மாட்டேன் என்றவள், ஒருத்தி வழிக்காமல் விடமாட்டேன் என்றவள். இரண்டு பேரும் பாதி பாதி கற்றுக்கொண்டோம். எனக்கு இனிமேல் கற்க வேண்டியது மறுபக்கம், கை வைக்காமல் விடுகிற பக்கம்.

திங்கட்கிழமை முதல் வரிசையில்தான் உட்காருவேன், அதில் மாற்றமில்லை. வாயில் ஒரு பெரிய கல்கண்டைப் போட்டு அடக்கிக்கொண்டு உட்காருவேன். நீ நின்றால், அந்த 'ப'வில் நின்றால், பிரின்சி காத்திருப்பாள், அவளுக்குப் பழக்கம். பூசையும் காத்திருக்கும். என் மனசுக்குள் பிரஸ் அடிக்கும், அது ஒன்பதோ தொண்ணூறோ அடித்துக்கொள்ளட்டும். நீ என்னைத் திரும்பிப் பார்க்காதே.

அந்த வாக்கியம் எனக்கு மனப்பாடம். முப்பது வருஷத்துக்கு முன்னால் உன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதுதான். இந்தக் கடைசிப் பக்கத்தில் இடமும் இருக்கிறது, முழுசாக எழுதிவிடலாம். பேனா அந்த இடத்துக்குப் போய்ப் போய் வருகிறது. எழுத மாட்டேன். நீ சொல்லித்தான் நான் கேட்கணும்.

உன் அம்மா